தோட்டத்துப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போகிறீர்களா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துச் சமூக நிலையத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வகுப்புத் தொடங்குகிறார்கள். தொண்டராக வரச் சொன்னார்கள். எனக்குப் பயிற்சி எதுவும் இல்லை. அ, ஆவிலிருந்து தொடங்கலாமா? என் அம்மா வயதுக்காரர்கள் நான் சொல்வதைக் கேட்பார்களா? சான்றிதழ் ஏதும் கிடைக்குமா?"

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வகுப்பு எடுத்தீர்கள் என்று நிலையத்தை நடத்துகிறவர்கள் ஒரு கடிதம் தருவார்கள். கேட்டு வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முறைசாராக் கல்வி என்று கல்வித் திணைக்களத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் அதைப் பொறுப்பாகப் பார்க்கிறவர் யார் என்று விசாரித்தால் பாடநூலும் கொஞ்சம் பயிற்சியும் கிடைக்க வழியுண்டு. கிடைக்காவிட்டாலும் வகுப்பு நின்றுவிடாது. பயிற்சி பெற்ற டீச்சர்மாரே இந்த வேலையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம் அவர்களை அவ்வளவு சீக்கிரம் விடாது. உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது நல்லதுதான்.

இனி அ, ஆ. அங்கிருந்து தொடங்க வேண்டாம். வருகிறவர்களின் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கும் தாள்களிலிருந்து தொடங்குங்கள். சம்பளச் சிட்டை, அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, அடகுச் சீட்டு, வாரக் கடன் அட்டை, பேரப்பிள்ளையின் பாடசாலையிலிருந்து வந்த கடிதம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண் வெட்கத்தை விட்டு வகுப்புக்கு வந்து உட்காருகிறாள் என்றால், அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒரு தாள் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று அர்த்தம். அது எந்தத் தாள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுடைய முதல் மாத வேலை.

ஏன் படிக்கவில்லை என்று மட்டும் யாரையும் குடைந்து கேட்காதீர்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நிர்வாகம் அதை ஓர் அறை, ஒரு வாத்தியார் என்று முடித்துக்கொண்டது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். அதே 1973, 74இல்தான் பஞ்சமும் வந்தது, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம் அது. இன்று அறுபதைத் தொடுகிற பெண் அப்போது ஏழெட்டு வயதுப் பிள்ளை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போக, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் நின்றவள். பத்துப் பன்னிரண்டு வயது ஆனதும் அவளும் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் தமிழருக்கு எதிரான 1977, 1983 கலவரங்கள். "எனக்கு மண்டையில ஏறாது டீச்சர்" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். ஏற்றிப் பார்க்க யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

சம்பளச் சிட்டைக்கு வருகிறேன். அதிகம் பேர் கேட்கப்போவது அதைத்தான். ஒரு சிட்டையைப் பெரிய தாளில் பேர் போடாமல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தமிழில் இல்லாத சிட்டையென்றால் நீங்களே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்தது, எத்தனை அரைப்பேர், ஓய்வு நாளில் பறித்த கொழுந்துக்கான கைக்காசு எவ்வளவு, பிடித்தது எவ்வளவு. சங்கச் சந்தா, தேயிலைத் தூள், தீபாவளி அட்வான்ஸ், ஊழியர் சேமலாப நிதி (EPF) என்று பிடித்தம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சொல். அந்தச் சொற்கள் அவர்களுக்கு வாயில் பாடம், தாளில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் தெரியாது.

கணக்குச் சொல்லித் தரத் தேவையே இருக்காது. தராசில் கிலோ எவ்வளவு, சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று மனதில் போட்டே பழகியவர்கள். தாளில் எழுதிப் பார்க்க மட்டும் காட்டுங்கள். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. இருபது நாள் வேலை செய்தால் 27,000. அதில் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு எட்டு, 2,160 ரூபா. தோட்டம் தன் பக்கத்திலிருந்து போட வேண்டியது நூற்றுக்குப் பன்னிரண்டு, 3,240 ரூபா. இந்த இரண்டாவது தொகை சம்பளத்தில் பிடிபடுவதில்லை, ஆனால் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். சம்பளம் மாறும், எட்டும் பன்னிரண்டும் அப்படியேதான் இருக்கும். இந்தக் கணக்கைப் போட்ட அன்று வகுப்பு சீக்கிரம் கலையாது. "அப்ப நம்ம கணக்குல எவ்வளவு இருக்கும்?" என்று ஆளுக்கு ஆள் பேசுவார்கள். பேசவிடுங்கள். நீங்கள் பதில் சொல்லப் போக வேண்டாம், கணக்குக் கூற்று வந்திருந்தால் அடுத்த கிழமை எடுத்துவரச் சொல்லுங்கள்.

கையெழுத்தைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. கைநாட்டு வைக்கிற அவமானம் சின்ன விஷயமில்லை. வங்கியில் மைப்பெட்டியை நீட்டும்போது பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள். அதனால் பல வகுப்புகளில் முதல் மாதமே பேரை எழுதப் பழக்கி, கையெழுத்துப் போட வைத்து, படமும் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கையெழுத்து மட்டும் தெரிந்து வாசிக்கத் தெரியாதவருக்குக் கைநாட்டுக்காரரைவிட ஆபத்து அதிகம். கைநாட்டு என்றால் எதிரே இருக்கிறவர் கொஞ்சமாவது வாசித்துச் சொல்வார். கையெழுத்துப் போடுகிறவரிடம் "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று பேனையைக் கொடுத்துவிடுவார். குழுக் கடனில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை நின்றது தெரியாமலே கையெழுத்துப் போட்ட பெண்கள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். ஆகவே பேரை எழுதச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் கேட்பது அதைத்தான். ஆனால் அதே வகுப்பில் நான்கு சொற்களை அடையாளம் காணவும் பழக்குங்கள்: கடன், வட்டி, பிணை, தவணை. இந்த நான்கில் ஒன்று தாளில் தென்பட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க வைத்துவிட்டுத்தான் கையெழுத்து என்று ஒரு பழக்கம் வரட்டும்.

பேரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இன்னொரு பேர். சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றி, திரும்பத் தமிழுக்கு வரும்போது முத்தம்மா முத்தாமா ஆகிவிடுவார். சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் இது வெடிக்கும். பெண்களுக்கு ஐம்பது வயதிலும் ஆண்களுக்கு ஐம்பத்தைந்திலும் அந்தக் காசை எடுக்கலாம், ஆனால் தாள்களில் பேர் ஒத்துப்போக வேண்டும். பேர் எழுதப் பழகும்போதே தாள்களை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பழைய அட்டையில் பேர் சிங்களத்தில் மட்டுமே இருக்கும், அதை வாசிக்கத் தெரிந்த யாரையாவது அன்று கூட்டி வாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் திருத்துவதற்குக் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் நேரத்தோடு பார்த்துக்கொள்ளலாம்.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்தும் ஒரு பாடம் நடத்தலாம். எல்லாரும் ரசிப்பார்கள். பழைய அட்டையென்றால் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். 65532 என்று தொடங்கினால் 1965, முப்பத்திரண்டாவது நாள், பெப்ரவரி முதலாம் திகதி. பன்னிரண்டு இலக்கப் புது அட்டையில் வருடம் முழுதாக நான்கு எண்ணில் இருக்கும், மற்றது அதே கணக்கு. நிஜமாகவே அன்றுதான் பிறந்தாரா என்பது வேறு கதை.

சரி, எழுத்து. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்க வைத்தால் மூன்றாம் கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். ட, ப, ம மூன்றும் நேர்கோடுகளும் ஒரு வளைவும்தான், முதன்முதலாகப் பென்சில் பிடிக்கிற கைக்கு ஏற்றவை. அவற்றோடு புள்ளியைக் காட்டினால் அன்றைக்கே படம், பட்டம், மட்டம் மூன்றையும் வாசித்துவிடலாம். மட்டம் என்றதும் கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கும் மட்டக்குச்சி ஞாபகம் வந்து சிரிப்பார்கள். அடுத்த வகுப்பில் ல, ய. இப்போது லயம், பயம், பலம். ஐந்து எழுத்தில் இத்தனை சொல் கிடைக்கிற மொழி நம்முடையது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கொழுந்து என்ற சொல் எவ்வளவு பழக்கமானாலும் அதைக் கூட்டி வாசிப்பதைத் தள்ளிப் போடுங்கள். கொ-வுக்கு இரண்டு பக்கமும் குறி, ழு-வுக்கு ஒரு சுழி, து-வுக்கு வேறொரு சுழி. முழுச் சொல்லாகப் பார்த்து அடையாளம் கண்டால் போதும்.

பெரியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, கெ, கே, கை. குறி முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது. "முன்னால இருக்கிறத ஏன் பின்னால சொல்றோம்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்விதான். அப்படித்தான் எழுதி வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டாவது உகரம். கு ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, று, ணு, னு மூன்றாவது. குடும்பம் குடும்பமாகச் சொல்லிக் கொடுத்தால் அவசரம் இல்லாமல் நிற்கும். எழுதும்போது பேச்சு வழக்கில் எழுதினால் திருத்தாதீர்கள். "நா நாளைக்கு வர்றேன்" என்று ஒருவர் எழுதிவிட்டால் அவர் கடிதம் எழுதிவிட்டார். இலக்கணம் பிறகு வரட்டும், வராமலும் போகட்டும்.

கையையும் கண்ணையும் கவனியுங்கள். கொழுந்துக் கறை ஏறி, நகக்கண் கறுத்து வெடித்த விரல்கள். முதல் நாள் பென்சிலைக் குத்துக்கம்பி மாதிரி பிடித்து அழுத்துவார்கள், தாள் கிழியும், உடனே "பார்த்தீங்களா" என்று கொப்பியை மூடுவார்கள். தடித்த பென்சிலும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கமும் கொடுங்கள், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக எழுதட்டும். கண்தான் இன்னும் முக்கியம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும். எழுத்தே தெரியாதவருக்கு அது வந்திருப்பதும் தெரியாது, தனக்குப் படிப்பு ஏறவில்லை என்றே நினைத்துக்கொள்வார். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். முடியாது என்றால் முதல் செலவு கண்ணாடிதான், ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

அவர்களுக்கு ஞாபகசக்தி அபாரம். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, மாசி மாதக் காமன் கூத்துப் பாட்டு எல்லாம் வரி தவறாமல் வரும். எழுத்துத் தெரியாத மக்களிடம் அரசியலைக் கொண்டுபோக, மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடித்தான் பேசினார். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். ஒருவர் பாடட்டும், நீங்கள் இரண்டு வரியைப் பெரிதாகப் பலகையில் எழுதுங்கள், விரலால் சொல் சொல்லாகத் தொட்டுக்கொண்டே எல்லாரும் பாடட்டும். சொல் முன்பே தெரியும் என்பதால் கண் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆண்களை வகுப்புக்குள் இழுக்கவும் இதுதான் வழி. படிக்க வா என்றால் வரமாட்டார்கள், காமன் கூத்துப் பாட்டை எழுதி வைக்க வேண்டும், வந்து சொல்லித் தாருங்கள் என்றால் வருவார்கள்.

நான் சொல்வதைக் கேட்பார்களா என்றீர்கள். கேட்பார்கள், நீங்கள் அவர்களை அக்கா, மாமி, அம்மாயி என்று வழக்கம்போல் கூப்பிடும்வரை. உங்களை அவர்கள் டீச்சர் என்பார்கள், அதை மறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவரை எழுப்பி எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லாதீர்கள். சிவப்புப் பேனையைத் தொடாதீர்கள். சிறு பிள்ளைகளின் படப் புத்தகம் வேண்டவே வேண்டாம். யார் என்ன தாள் கொண்டுவந்தார்கள் என்பது வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது. லயத்தில் சுவர் ஒன்றுதான், செய்தி ஒரே இரவில் கடைசிக் காம்பரா (அறை) வரை போகும். முகத்தைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம். தனக்கு எழுதத் தெரியாது என்பதை ஊருக்குச் சொல்ல அவர் வரவில்லை.

நேரத்தை அவர்களே வைக்கட்டும். ஞாயிறு பின்னேரம் உங்களுக்கு வசதி, ஆனால் அன்றுதான் கைக்காசுக்கு மலை ஏறுவதும், துணி துவைப்பதும், விறகு தேடுவதும், டவுனுக்குப் போவதும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடும், ஆள் குறையும். சோர்ந்துவிடாதீர்கள். இடம் கோயில் மண்டபமாக இல்லாமலிருப்பது நல்லது. வேதக்கார (கிறிஸ்தவ) வீட்டுப் பெண்கள் தயங்குவார்கள், மற்றவர்களும் மாதத்தில் சில நாள் படியேற மாட்டார்கள். சமூக நிலையம் சரி, வேலை முடிந்த பிறகு, பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவும் சரி. எந்தத் தொழிற்சங்கத்தின் தலைவர் வந்து தொடங்கி வைப்பது என்ற பேச்சில் நீங்கள் தலையிடாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: வருவேன் என்று சொன்ன கிழமை வந்தாக வேண்டும். கீழ் டிவிஷனிலிருந்து மழையில் அட்டைக்கடியோடு ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால் மறுபடி வரமாட்டார். வேறு ஒருவரையும் சேர்த்து இரண்டு பேராக எடுங்கள், ஒருவருக்கு முடியாவிட்டால் மற்றவர் திறக்கலாம்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. மண்சரிவு எச்சரிக்கையை ஒரு பாடமாகவே வையுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறத்தில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இடத்தை விட்டுப் போ. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை, வெளியேறவும் என்ற இரண்டு சொல்லும் தங்கள் பிரதேச செயலகப் பிரிவின் பேரும் தெரிந்தால், போனில் வரும் செய்தியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

போனைக் கட்டாயம் வகுப்புக்குள் விடுங்கள். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் பழக்க வைத்தார், ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். நம்மில் பலருடைய பூட்டன் புறப்பட்டு வந்த சீமை அது. நம் மேட்டுக்குச் சைக்கிள் சரிவராது, அந்த இடத்தில் இன்று போன் இருக்கிறது. மகள் குவைத்தில், மகன் கொழும்புக் கடையில். குரல் பதிவு அனுப்பத் தெரிந்தவர்கள் மகளுடைய பேரை எழுத்தில் தேடிக் கண்டுபிடிக்கவும், ஒரு சொல் தட்டி அனுப்பவும் பழகினால் வாரம் முழுக்க அவர்களே பயிற்சி எடுத்துக்கொள்வார்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும், உங்களிடமும் சொல்லக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

சிங்களம் கேட்பார்கள். பேச்சு ஓரளவு வரும், எழுத்துத்தான் இல்லை. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி என்றாலும் கையில் வருகிற படிவம் எந்த மொழியில் இருக்கும் என்பது அதிர்ஷ்டம். தமிழில் ஒரு வருடம் ஓடிய பிறகு பஸ் பலகையில் வரும் ஊர்ப் பேர்களோடு சிங்களத்தைத் தொடங்கலாம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் நிற்காது. தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குவது எப்படி என்பதை அதற்கு முன்பே நடித்துப் பழக்கலாம், நல்ல வேடிக்கையாகவும் இருக்கும்.

உங்களிடம் படிவம் நிரப்பித் தரச் சொல்லி வகுப்புக்கு வெளியிலும் வருவார்கள். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணம், அடையாள அட்டை, எல்லாம். முதல் தடவை நிரப்பிக் கொடுங்கள். இரண்டாம் தடவை பேரையும் முகவரியையும் அவர்களே எழுதட்டும், மிச்சத்தை நீங்கள். கடன் தாளில் சாட்சிக் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதீர்கள்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? வாரத்தில் இரண்டு மணித்தியாலம் என்றால், எழுத்தே தொடாத ஒருவர் ஒரு சின்ன அறிவித்தலைத் தட்டித் தடவி வாசிக்க ஏறக்குறைய ஒரு வருடம். சின்ன வயதில் இரண்டாம் மூன்றாம் வகுப்பு வரை போய் மறந்தவர்களுக்கு அதில் பாதி. இரு சாராரையும் ஒரே வாங்கில் உட்கார வைக்காதீர்கள், படித்து மறந்தவர் வேகத்தைப் பார்த்தே எழுத்தே தொடாதவர் நின்றுவிடுவார்.

கடைசியாக, பெறுபேறு வந்தால் நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவீர்கள். பேராதனையோ யாழ்ப்பாணமோ, எங்கேயானாலும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் உயர்தரம் எழுதப் போகும் ஒரு தங்கச்சியையோ தம்பியையோ இரண்டாம் மாதத்திலிருந்தே பக்கத்தில் உட்கார வையுங்கள். யாருக்கு எந்த எழுத்து வரை வந்தது, யாருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறது, யாருடைய பேர் எந்தத் தாளில் பிழை என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே வாருங்கள். போகும்போது அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.